பெயர் தெரியாத பூட்டியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

என் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு ஒரு அம்மா இருந்தார். வில்லுக்குறிப் பக்கம் வாழ்ந்தார். இரண்டு மகன்களையும் ஒரு மகளையும் பெற்று வளர்த்தார். அவருடைய பெயர் எங்கள் குடும்பத்தில் இன்று உயிரோடு இருக்கும் ஒருவருக்கும் தெரியாது.

வம்சாவளி மென்பொருளைத் திறந்தால் முதலில் கேட்பது பெயரைத்தான். அந்தக் கட்டத்தில் நான் இதுவரை ஐந்து விதமாக எழுதி, ஐந்து முறை அழித்திருக்கிறேன். குமரி மாவட்டத்துக் குடும்பங்களின் கதையைப் பதிய உட்காரும் எவருக்கும் மூன்றாம் நான்காம் தலைமுறையில் இதே இடத்தில் கை நின்றுவிடும். அதனால் எந்த வழி எதற்கு உதவுகிறது, எது கெடுக்கிறது என்று நான் பார்த்தவரை எழுதுகிறேன்.

முதலில் இவர் எனக்கு எங்கே கிடைத்தார் என்று சொல்லிவிடுகிறேன். பாட்டியின் அண்ணன்மார் இருவரும் கொல்லம் 1104 கும்ப மாதத்தில் எழுதிக்கொண்ட ஒரு பாகபத்திரம், அதாவது சொத்துப் பிரிவினைப் பத்திரம், ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. மலையாளத்தில் எழுதியது. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும் வரை நம் பகுதி திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், பழைய பத்திரங்களில் மலையாளமும் கொல்லம் ஆண்டும் சாதாரணம். கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் தொடங்குகிறது. அங்கிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரிக்குப் பிறகு 825. கும்பம் என்றால் பிப்ரவரி, மார்ச். ஆக, 1929.

அந்தப் பத்திரத்தில் பூட்டி மூன்று இடத்தில் வருகிறார். மூன்றிலும் 'ஞங்ஙளுடெ மாதாவு' என்றே இருக்கிறது. எங்கள் தாயார். தென்னைகளுக்கு எண்ணிக்கை இருக்கிறது, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்று இருக்கிறது, தாயாருக்குப் பெயர் இல்லை. மூன்றாவது இடத்தில், தாயாருக்கு ஆயுள் உள்ளவரை தெற்கே முறியில், அதாவது தெற்கு அறையில், தங்க 'அவகாசம்' உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். நான் முதலில் தமிழ்க் கண்ணால் படித்து, ஏதோ கொஞ்ச காலம் இருக்க விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. நான்கு நாள் கழித்து அது புரிந்தபோது, முகம் தெரியாத அந்தப் பெண்மணியின் மேல் எனக்கு ஒரு நெருக்கம் வந்தது. தெற்கே முறி அவருடையது.

அத்தைக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. அவரிடம் கேட்டேன். "பேரு ஆருக்கு மக்களே தெரியும்? எனக்க அம்மைக்க அம்மை. புளியடிப் பாட்டின்னு சொல்லுவாவ, அவ்வளவுதான்" என்றார். வீட்டு முற்றத்தில் புளியமரம் நின்றதாம்.

சரி, இதை எப்படிப் பதிவது?

பெயர் தெரியாதவரைப் பதியாமலே விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவே மாட்டேன். விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்களாகவே இருப்பார்கள். நம் மாவட்டத்திலோ இழப்பு இன்னும் பெரிது. நாஞ்சில் நாட்டு வேளாளரிலும் நாயர் குடும்பங்களிலும் மருமக்கள்வழி இருந்தது. சொத்தும் வழியும் தாய் மூலமாக இறங்கின. 1925, 1926-இல் திருவிதாங்கூரில் சட்டங்கள் வந்த பிறகுதான் அது மாறத் தொடங்கியது. அந்தக் குடும்பங்களில் ஒரு தாயை விட்டுவிட்டால் குடும்பத்தை நடத்தும் மூத்த ஆணான காரணவர் யாருக்குத் தாய்மாமன் என்றே தெரியாமல் போய்விடும். மரம் நடுவில் ஒடிந்துவிடும்.

அடுத்தது, ஆளைச் சேர்த்துவிட்டுப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுவது. ஃபேமிலிசெர்ச் சொல்லும் வழி இதுதான். உலகம் முழுவதற்கும் ஒரே மரம் வைத்திருக்கும் தளம் அது. தெரியாத பெயரைக் காலியாக விடு, 'தெரியவில்லை' என்பது போன்ற சொல்லை நிரப்பாதே என்கிறது. நியாயம் இருக்கிறது. 'தெரியவில்லை' என்று எழுதினால் கணினி அதை ஒரு பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும், அதற்கு ஒத்த பெயர்களைத் தேடப் போய்விடும். ஒரு மரத்தைக் கோப்பாக இறக்கிப் பரிமாறிக்கொள்ளும் கெட்காம் வடிவமும் காலியை ஏற்றுக்கொள்கிறது. அதில் குடும்பப் பெயரை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் வைப்பார்கள்; குடும்பப் பெயர் இல்லையென்றால் சாய்கோடுகளுக்கு நடுவில் ஒன்றும் இருக்காது. கோப்பு கெடாது.

ஆனால் காலிக் கட்டத்துக்கு ஒரு குறை உண்டு. அது எதனால் காலி என்று சொல்லாது. எங்கள் மரத்திலேயே மூன்று காலிகள் இருந்தன. ஒன்று பூட்டி, அவருக்குப் பெயர் இருந்தது, நமக்குத் தெரியவில்லை. இன்னொன்று பாட்டியின் முதல் பிள்ளை. ஆண் குழந்தை, இருபத்தெட்டாம் நாள் கயிறு கட்டுவதற்கு முன்பே போய்விட்டது, அதற்குப் பெயரே வைக்கவில்லை. மூன்றாவது, நான் சோம்பலில் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட ஒரு பெரியப்பா. திரையில் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. பொதுமரங்களில் இதைவிட மோசமும் நடக்கும். ஒருவருக்கு இரண்டு மனைவிகள், இருவர் பெயரும் காலி என்றால், யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு வந்து இரண்டையும் ஒருவராக இணைத்துவிடுவார். மூத்தகுடியாளின் பிள்ளைகளும் இளையகுடியாளின் பிள்ளைகளும் ஒரு வயிற்றில் பிறந்தவர்களாகிவிடுவார்கள்.

விக்கிட்ரீ என்ற இன்னொரு பொதுமரத் தளத்தில் காலியாக விட வழியில்லை. பிறந்தபோது இருந்த குடும்பப் பெயர் அங்கே கட்டாயம். தெரியாவிட்டால் 'அன்னோன்' (தெரியாதது) என்ற ஆங்கிலச் சொல்லைப் போடச் சொல்கிறார்கள். அது ஆளின் அடையாள எண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும்: அன்னோன், ஒரு கோடு, பிறகு ஒரு எண். அந்தத் தளத்தில் எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் குழப்பம் குறைவு. என் சொந்தக் கோப்பில் மட்டும் இதைச் செய்ய மாட்டேன். பூட்டிக்கு 'அன்னோன்' என்று ஒரு பெயர் வருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஐரோப்பியர் பலர் 'என்.என்.' என்று போடுவார்கள். லத்தீனில் 'நோமென் நெஸ்கியோ', பெயர் அறியேன் என்று பொருள். அடக்கமான, அழகான வழிதான். ஆனால் நமக்கு ஒத்துவராது. தமிழ் வாசகர் யாராக இருந்தாலும் அதை இனிஷியல் என்றே படிப்பார். நாராயணன் மகள் ஏதோ ஒரு நாகம்மை என்று என் தம்பி உண்மையிலேயே கேட்டான். கேள்விக்குறியும் வேண்டாம். பல தளங்களில் தேடும்போது கேள்விக்குறி ஏதாவது ஒரு எழுத்துக்குப் பதிலாகவும், நட்சத்திரக்குறி பல எழுத்துகளுக்குப் பதிலாகவும் நிற்கும். பெயரிலேயே அதை வைத்தால் தேடல் எங்கெங்கோ போகும். அச்சிட்ட வம்சாவளி நூல்களில் போடும் அடிக்கோடு தாளுக்குச் சரி.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். எங்கள் குடும்பத்திலும் மூத்த பெண்ணுக்கு அப்பாவின் அம்மை பெயர், இரண்டாவது பெண்ணுக்கு அம்மாவின் அம்மை பெயர் என்று ஒரு வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். பாட்டியின் இரண்டாவது மகள், அதாவது என் நடு அத்தை, செல்லம்மை. அப்படியானால் பூட்டியும் செல்லம்மைதானே? கணக்கு அவ்வளவு அழகாக வந்தது. ஒரு பொதுமரத்தில் அந்தப் பெயரைப் பூட்டியின் கட்டத்தில் எழுதினேன். ஊகம் என்று ஒரு குறிப்பும் போட்டேன்.

குறிப்பை யாரும் படிக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் வேறு இரண்டு உறவினரின் மரங்களில் 'செல்லம்மை' என்று வந்துவிட்டது. ஒன்றில் பிறந்த ஆண்டுகூடச் சேர்ந்திருந்தது, எங்கிருந்து வந்ததோ. பிறகு ஒரு நாள் அத்தை வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, செல்லம்மை என்பது பாட்டாவின் தங்கை பெயர், சின்ன வயதிலேயே அம்மை போட்டு இறந்துபோனவர், அந்த ஏக்கத்தில் வைத்தது என்று சொன்னார். நான் என் மரத்தில் திருத்திவிட்டேன். மற்ற இரண்டிலும் இன்னும் அப்படியே இருக்கிறது. எழுதியும் கேட்டுப் பார்த்தேன். அச்செழுத்தில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டவர்களை அதிலிருந்து பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரிந்தது.

வழக்கத்தை வைத்து ஊகிப்பது தவறில்லை. அந்த ஊகம் குறிப்பில் இருக்க வேண்டும், பெயர்க் கட்டத்துக்குள் வரவே கூடாது. வழக்கமும் எப்போதும் ஒரே கோட்டில் போகாது. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், அந்தப் பெயர் வைத்த பெண் குழந்தையை வீட்டில் தங்கம் என்றோ பாப்பா என்றோதான் கூப்பிடுவார்கள். கடைசியில் தங்கமே நின்றுவிடும், பதிவேட்டுப் பெயர் பள்ளிக்கூடத்தோடு போய்விடும். அதனால் ஒருவருக்கு ஒரே பெயர் என்று நம்பி ஊகிக்கப் போனாலே சறுக்கும்.

மதம் மாறிய குடும்பங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், 1745-இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவி பார்கவி, ஞானப்பூ ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரை 2022-இல் புனிதராக அறிவித்தபோது, பிள்ளை என்ற சாதி ஒட்டை விட்டுவிட்டுத் தேவசகாயம் என்றே அறிவித்தார்கள். மயிலாடியின் மகாராசன் வேதமாணிக்கம் ஆனதும் இதே கதைதான். இப்படிப்பட்டவரைப் பதியும்போது இரண்டு பெயரில் எது சரி என்று கேட்க வேண்டியதில்லை. பிறந்தபோது வைத்தது பிறப்புப் பெயர், பிறகு வந்தது மறுபெயர், இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. உங்கள் குடும்பத்தில் முதலில் ஞானஸ்நானம் எடுத்தவரின் பழைய பெயர் தெரியாவிட்டால், பிறப்புப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, மறுபெயரில் ஞானஸ்நானப் பெயரைப் போட வேண்டும். தெரிந்ததை எடுத்துத் தெரியாததன் இடத்தில் வைக்கக் கூடாது.

குடும்பப் பெயர்க் கட்டம் நமக்கு ஒரு தனித் தொல்லை. ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்துவிட்டு அமெரிக்க விசாவில் 'எஃப்.என்.யூ' என்ற மூன்று எழுத்து முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பெயர் முழுசாகவே இருக்கும்போது குறையாகப் பதிவாகிறது. நம் முன்னோருக்கும் அதையே நாம் செய்துவிடக் கூடாது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைத்தால் தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். மென்பொருள் அப்பாவையும் மகனையும் வேறு வேறு குடும்பமாகப் பட்டியலிடும். சாதி ஒட்டை வைத்தால் பாதி மாவட்டம் ஒரே குடும்பமாகிவிடும். பத்திரத்தில் இருந்தால் இருந்தபடி எழுதலாம், நாமாகச் சேர்க்க வேண்டாம் என்பது என் முடிவு. கணவர் பெயரை மனைவிக்குக் குடும்பப் பெயராக்குவதும் அப்படித்தான். பூட்டி காலத்தில் யாரும் அவரை அப்படி அழைத்திருக்க மாட்டார்கள்.

இந்த விஷயத்தில் கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருள் எனக்குப் பிடித்துப்போனது. இலவசம், நம் கணினியிலேயே இருக்கும், தமிழ் எழுத்தை ஏற்கும். குடும்பப் பெயர் எந்த வகையில் வந்தது என்று அதில் குறிக்கலாம்: தகப்பன் பெயர் வழி, தாய் பெயர் வழி, தாய்வழிக் குடும்பம், இடம், தொழில் என்று வகைகள் இருக்கின்றன. இனிஷியலைத் தகப்பன் பெயராகவும், தறவாட்டுப் பெயரை, அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பத்தின் பெயரை, தாய்வழியாகவும், புளியடியை இடமாகவும் போட முடிகிறது. ஒருவருக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் சேர்க்கலாம். பெயர் காலியாக இருந்தால் திரையில் அந்த இடத்தில் என்ன காட்ட வேண்டும் என்றும் நாமே சொல்லிவைக்கலாம். நான் 'பெயர் தெரியவில்லை' என்று சதுர அடைப்புக்குள் காட்டச் சொல்லியிருக்கிறேன். கோப்பில் கட்டம் காலி, கண்ணுக்கு மட்டும் சொல் தெரியும். ஒரே குறை, கொல்லம் ஆண்டு அதன் நாள்காட்டிகளில் இல்லை. மாற்றிய தேதியைத் தேதிக் கட்டத்திலும், பத்திரத்தில் உள்ளதை அப்படியே குறிப்பிலும் எழுத வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தகவலுக்கும் எவ்வளவு நம்பகம் என்று மிகக் குறைவிலிருந்து மிக அதிகம் வரை ஐந்து படியில் குறிக்கலாம். அத்தை சொன்னதற்கும் பாகபத்திரத்துக்கும் ஒரே மதிப்பெண் போட மாட்டோம் அல்லவா?

இனி உறவையே பெயராக எழுதும் வழி. 'இன்னார் மனைவி', 'இன்னார் அம்மை', 'புளியடிப் பாட்டி'. வம்சாவளி அறிஞர்கள் பலர் இதை விரும்ப மாட்டார்கள். பெயர்க் கட்டத்தில் பெயர்தான் இருக்க வேண்டும் என்பார்கள். 'இன்னார் மனைவி' விஷயத்தில் நானும் அவர்கள் பக்கம்தான். அது நாம் உட்கார்ந்து உண்டாக்கிய சொற்றொடர், கணவரின் பதிவிலேயே அந்தத் தகவல் இருக்கிறது. 'புளியடிப் பாட்டி' அப்படி இல்லை. ஒரு தெருவே அவரை அப்படிக் கூப்பிட்டது, அவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். நம் ஊரில் தெக்கேவீட்டு அம்மை, மேலவீட்டு ஆச்சி, இன்ன விளைக்காரி என்றுதான் முக்கால்வாசிப் பெண்கள் வாழ்ந்தார்கள். அது பிறப்புப் பெயர் இல்லை என்பது உண்மை. மறுபெயர்க் கட்டம் அதற்குச் சரியான இடம்.

இதில் இன்னொரு பலனையும் நான் எதிர்பார்க்கவில்லை. காலிக் கட்டம் இருந்தவரை யாரும் எனக்கு எழுதியதில்லை. மறுபெயராகப் 'புளியடிப் பாட்டி' என்று போட்ட பிறகு, தக்கலையில் இருக்கும், அண்ணி முறையுள்ள ஒரு மயினி போன் செய்தார். "எங்க வீட்டில கேள்விப்பட்டிருக்கேன், வைத்தியம் பார்ப்பாவளாமே, பிள்ளைகளுக்கு மாந்தம்னா அங்கதான் தூக்கிட்டுப் போவாவளாம்" என்றார். பெயர் அவருக்கும் தெரியவில்லை. ஆனால் ஒரு கைவைத்தியக்காரி எங்கள் மரத்துக்குள் வந்துவிட்டார்.

அப்புறம், எண். தன்னை 1 என்று வைத்து, யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தகப்பன், இரட்டித்து ஒன்று கூட்டினால் தாய். 1590-இலேயே ஐரோப்பாவில் அச்சில் வந்த முறை இது. அப்பா 2, அப்பாவின் அம்மா 5, அவருடைய அம்மா 11. பெயர் இல்லாவிட்டாலும் பூட்டிக்கு உலகத்தில் ஓர் இடம் உறுதியாகிவிடுகிறது. என் மரத்தில் 11-ஆக வேறு யாரும் வரவே முடியாது. இதன் குறை, எண் என்னிடமிருந்து தொடங்குவதால் என் அத்தை மகனின் மரத்தில் அவருக்கு வேறு எண். அதனால் எண்ணைக் குறிப்பில் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஆடி வாவுக்குக் குழித்துறை ஆற்றங்கரையில் நின்றபோதும் இதே கேள்விதான் வந்தது. பெயர் சொல்லுங்கள் என்றார்கள், என்னிடம் இல்லை. அமாவாசைத் தர்ப்பணத்தில் 'ஜ்ஞாதாஜ்ஞாத பித்ரூன்' என்று ஒரு இடம் வரும். தெரிந்தவர்களும் தெரியாதவர்களுமான பித்ருக்கள் எல்லாருக்கும் சேர்த்து இறைக்கிற தண்ணீர். பெயர் தெரியாமல் போகும் என்று முன்கூட்டியே யோசித்து இடம் விட்டிருக்கிறார்கள் பாருங்கள். பூட்டிக்கும் அந்தத் தண்ணீர்தான். அங்கே அது போதும். பதிவில் அவரை எல்லாரோடும் சேர்த்து ஒன்றாக்க எனக்கு மனமில்லை.

என் முடிவு இதுதான். மூலக் கோப்பு கிராம்ப்ஸில், என் கையில். அதில் பிறப்புப் பெயர் காலி, மறுபெயரில் வழங்கிய பெயர், குறிப்பில் ஏன் காலி என்ற காரணம், யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள். பொதுமரங்களில் அந்தந்த வீட்டு வழக்கப்படி நடந்துகொள்கிறேன்: ஃபேமிலிசெர்ச்சில் காலி, விக்கிட்ரீயில் அவர்கள் கேட்கும் 'அன்னோன்'. இரண்டிலும் மறுபெயர் சேர்க்க வழி இருக்கிறது, அங்கே புளியடிப் பாட்டி. ஊகம் எதையும் பொதுமரத்துக்குக் கொண்டுபோவதில்லை, அங்குள்ள குறிப்பில்கூட. பெயரே வைக்காமல் போன அந்தக் குழந்தைக்கு, 'பெயரிடும் முன் இறந்த ஆண் குழந்தை' என்று குறிப்பில் தெளிவாக எழுதிவிட்டேன். அவன் தெரியாதவன் அல்ல, பாட்டியின் மூத்த மகன்.

பூட்டியின் பதிவு இப்போது இப்படி இருக்கிறது:

பெயர்: (காலி). வழங்கிய பெயர்: புளியடிப் பாட்டி. இடம்: வில்லுக்குறிப் பக்கம், கல்குளம் தாலுகா. மகன்கள் இருவர், மகள் ஒருவர். 1929 பிப்ரவரி அல்லது மார்ச்சில் உயிரோடு இருந்தார். ஆதாரம், கொல்லம் 1104 கும்ப மாதப் பாகபத்திரம், அதில் பெயர் எழுதப்படவில்லை. பிள்ளைகளுக்குக் கைவைத்தியம் பார்த்தார் என்று தக்கலை மயினி வழிச் செய்தி, நம்பகம் குறைவு. தெற்கே முறியில் ஆயுள் உள்ளவரை தங்க உரிமை இருந்தது.